வீட்டுக்கு எந்த போட்டோ பிரிண்டர்?

"சின்னதா ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லது?" மாதத்திற்கு ஒரு முறையாவது யாராவது ஒரு நண்பர் என்னிடம் இப்படிக் கேட்கிறார். சாப்ட்வேர் வேலை பார்ப்பவனுக்குப் பிரிண்டரைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்பது நம் ஊரில் உள்ள நம்பிக்கை. (மிக்சி ஓடவில்லை என்றாலும் கூப்பிடுகிறார்கள்.) உண்மையைச் சொன்னால், பிரிண்டரைப் பற்றி நான் கல்லூரியில் படித்தது ஒன்றும் இல்லை. மூன்று பிரிண்டர்கள் வாங்கி, அதில் இரண்டில் பணத்தை விட்ட பிறகு தெரிந்து கொண்டதுதான் எல்லாம். நீங்களும் அப்படி விட வேண்டாம் என்பதற்காக இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் இது எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது தினமும் பத்துப் படங்கள் என் போனில் வந்து விழுந்தன. சிவகங்கைப் பக்கம் ஊரில் இருந்த அப்பத்தாவுக்கு அப்போது எண்பத்தி மூன்று வயது. கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. போன் திரையைக் காட்டினால் வெளிச்சம் கூசுகிறது என்பார். கை பட்டதும் படம் நகர்ந்து விடும், பிறகு வேறு ஏதோ திறக்கும். "பிள்ளையைக் கையில குடுங்கடா" என்றார். கையில் கொடுப்பதென்றால் பிரிண்ட்தான். அம்மா என்னைப் பார்த்தார். நான் கடைக்குப் போனேன்.

அங்கே நான் கேட்டதும் என் நண்பர்கள் கேட்கும் அதே கேள்வியைத்தான்: எந்தக் கம்பெனி நல்லது? அதுதான் முதல் தவறு. ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே பெயரில், முற்றிலும் வேறான முறைகளில் அச்சிடும் பிரிண்டர்களை விற்கிறது. கேனனின் செல்பி வரிசை ஒரு வகை, அதே கேனனின் ஐவி, ஜோமினி வேறு வகை. எச்பி ஸ்ப்ராக்கெட் ஒரு வகை, ஸ்ப்ராக்கெட் ஸ்டூடியோ வேறு வகை. எனவே பெட்டியில் உள்ள பெயரை விட, உள்ளே படம் எப்படி உருவாகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். செலவு, படத்தின் அளவு, ஆயுள், தொந்தரவு எல்லாம் அதைப் பொறுத்தவை.

முதலில் வாங்கியது: இங்க்ஜெட்

கடைக்காரர் கொடுத்தது கார்ட்ரிட்ஜ் போடும் ஒரு கலர் இங்க்ஜெட் பிரிண்டர். விலை மிகக் குறைவு. முதல் நாள் அச்சிட்ட பன்னிரண்டு படங்களும் நன்றாகவே வந்தன. அதன் பிறகு இரண்டு மாதம் அதை யாரும் தொடவில்லை. மறுபடி ஆன் செய்தபோது குழந்தையின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடுகள். பச்சைச் சட்டை ஊதாவாக வந்தது.

காரணம் எளிது. இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் முடியை விட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இங்க் என்பது தண்ணீரில் கரைந்த சாயம். பயன்படுத்தாமல் வைத்தால் துளையின் வாயில் அது காய்ந்து அடைத்துக் கொள்ளும். நம் ஊர் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். ஹெட் கிளீனிங் என்ற கட்டளையைக் கொடுத்தால் பிரிண்டர் இங்க்கை உறிஞ்சி வெளியே தள்ளி அடைப்பை நீக்கப் பார்க்கும். நான் ஐந்தாறு முறை கொடுத்தேன். அடைப்பு போகவில்லை, இங்க் போனது. புது கார்ட்ரிட்ஜ் இரண்டின் விலையைக் கேட்டபோது, அது ஏறக்குறைய பிரிண்டரின் விலைக்கே வந்தது.

இதில் பிரிண்டரைக் குறை சொல்ல மாட்டேன். வாரம் ஒரு முறையாவது கலர் பக்கம் அச்சிடும் வீட்டுக்கு இங்க்ஜெட் நல்ல தேர்வு. குழந்தைகளின் பள்ளி வேலை, விண்ணப்பங்கள், ஜெராக்ஸ் என்று ஓடிக்கொண்டே இருந்தால் ஹெட் அடைக்காது. அதுவும் இப்போது வரும் இங்க் டேங்க் மாடல்களில் பாட்டில் இங்க் என்பதால் ஒரு பக்கத்துக்கான செலவு மிகவும் குறைவு. எப்சனின் எல்805, எல்8050 போன்றவற்றில் ஆறு கலர் இங்க் உண்டு. வழக்கமான நான்கு கலருடன் வெளிர் சியான், வெளிர் மெஜந்தா இரண்டும் சேர்ந்திருப்பதால் தோல் நிறம் திட்டுத் திட்டாக இல்லாமல் சீராக வரும். சிறிய ஸ்டூடியோக்கள் பலவற்றில் நீங்கள் இவற்றைப் பார்த்திருக்கலாம். ஆனால் இவை சிறியவை அல்ல. மேஜையில் பாதியை எடுத்துக் கொள்ளும்.

உங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறதா? அப்படியானால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். 4×6 கிளாஸி போட்டோ பேப்பர் ஒரு பாக்கெட் வாங்கி, பிரிண்ட் விண்டோவில் பேப்பர் வகையையும் மாற்றி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பலர் பேப்பர் வகையைச் சாதாரணப் பேப்பர் என்றே விட்டுவிட்டு, "பிரிண்டர் சரியில்லை" என்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும்: சில மாடல்களில் கறுப்பு இங்க் மட்டும் பிக்மென்ட் வகை. அது எழுத்துக்காக வைத்தது, கிளாஸி பேப்பரில் பயன்படாது. மற்ற மூன்று நிறங்களைக் கலந்துதான் அங்கே கறுப்பு உண்டாகும். அந்த மாடல்களில் தலைமுடி கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இரண்டாவது: ஜிங்க்

இங்க்கே இல்லாத பிரிண்டர் என்றால் அடைப்பும் இல்லைதானே? இந்த யோசனையில் வாங்கியது ஜிங்க் வகை. சட்டைப் பையில் வைக்கலாம், புளூடூத்தில் போனுடன் இணைத்தால் போதும். ஜீரோ இங்க் என்பதன் சுருக்கமே ஜிங்க். போலராய்டு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த இந்த முறை 2005ல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2008ல் போலராய்டு போகோ என்ற பெயரில் முதல் பிரிண்டர் வந்தது.

இதில் வண்ணம் பேப்பருக்குள்ளேயே இருக்கிறது. மஞ்சள், மெஜந்தா, சியான் என்ற மூன்று நிறங்களுக்கான நிறமற்ற படிகங்கள் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருக்கும். மேலே உள்ள மஞ்சள் அடுக்குக்கு அதிகச் சூடு, மிகக் குறைந்த நேரம். அடியில் உள்ள சியானுக்குக் குறைந்த சூடு, அதிக நேரம். தோசைக் கல்லில் மேல் பக்கம் முறுகலாகவும் உள்ளே மெத்தென்றும் எடுக்கத் தீயைக் கூட்டிக் குறைப்பது போல, பிரிண்டர் சூட்டையும் நேரத்தையும் மாற்றி எந்த அடுக்கு நிறம் மாற வேண்டும் என்று தீர்மானிக்கிறது. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் மூன்று அடுக்கையும் ஒரே சூட்டுத் தலையால் சமாளிப்பதால் நிறம் துல்லியமாக வருவதில்லை என்பது என் அனுபவம். வெள்ளை வேட்டி கொஞ்சம் மங்கலாகவே இருக்கும்.

அதைவிடப் பெரிய குறை அளவு. சாதாரண ஜிங்க் பேப்பர் 2×3 அங்குலம். 4×6 படத்தில் நான்கில் ஒரு பங்கு பரப்பு. அம்மா அதை வாங்கி, கண்ணாடி போட்டு, ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "என்னடா இது, ஸ்டாம்பா?" என்றார். அப்பத்தாவிடம் காட்டவே இல்லை.

பின்பக்கம் ஸ்டிக்கர் போல உரித்து ஒட்டலாம் என்பதால் கல்லூரி மாணவர்களுக்கும் டைரி எழுதுபவர்களுக்கும் பிடிக்கும். அவர்களுக்கு இது சரியான பொருள். வாங்கினால், பேப்பரை வெயிலிலோ காருக்குள்ளோ விடாதீர்கள், சூட்டில் நிறம் மாறும் பேப்பர் இது. பாக்கெட்டில் வரும் நீல நிற அட்டையையும் தூக்கி எறியாமல், சொல்லியிருக்கும் பக்கமாக வைத்து முதலில் ஓட விடுங்கள். அந்தப் பாக்கெட்டுக்கு ஏற்ப பிரிண்டர் தன்னைச் சரி செய்து கொள்வது அதை வைத்துத்தான்.

பியூஜிபிலிம் இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் போன்றவையும் இதே அளவுப் பிரிவில் வருகின்றன. இவை வேறு ஜாதி. பழைய பிலிம் போலவே வெள்ளி உப்பு பூசிய பிலிமின் மீது ஒளியைப் பாய்ச்சிப் படம் உண்டாக்குகின்றன. வெளியே வந்த பிறகு சில நிமிடங்களில் படம் மெல்ல மெல்லத் தெளியும். அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஆனால் வெள்ளை ஓரத்தைக் கழித்தால் படம் 62×46 மில்லிமீட்டர்தான். பத்துப் படம் கொண்ட பிலிம் பாக்கெட்டின் விலையைப் பத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த நான்கு வகையில் பொதுவாகச் செலவு அதிகம் இதற்குத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆன்லைன் கடைகளில் ஆயிரம் ரூபாய் அளவில் "மினி பாக்கெட் போட்டோ பிரிண்டர்" என்று பூனை முகம் போட்ட பொம்மை போன்ற பெட்டிகள் வருகின்றன. விளம்பரப் படத்தில் கலர் போட்டோ இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பஸ் டிக்கெட் மெஷினில் இருக்கும் அதே தெர்மல் சுருளில் கறுப்பு வெள்ளையில் அச்சிடுபவை. ஏடிஎம் ரசீது பர்சில் கிடந்து வெளுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் படமும் அப்படித்தான் போகும்.

மூன்றாவது: டை-சப்ளிமேஷன்

சுருக்கமாக டை-சப். வீட்டுக்கான சிறிய போட்டோ பிரிண்டர் என்று நான் பரிந்துரைப்பது இதைத்தான். கேனன் செல்பி சிபி வரிசை (2017ல் வந்த சிபி1300, 2022ல் வந்த சிபி1500), கோடக் பெயரில் வரும் டாக் மாடல்கள் ஆகியவை இந்த வகை. நான் வாங்கியது செல்பி. போஸ்ட்கார்டு அளவு, அதாவது 100×148 மில்லிமீட்டர் படம் எடுக்கும். வீட்டு ஆல்பங்களில் உள்ள 4×6 அளவுக்கு மிக அருகில்.

உள்ளே இங்க் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பன் ஒன்று சுருளாக இருக்கும். அதில் ஒரு படத்துக்கு மஞ்சள், மெஜந்தா, சியான் என்று மூன்று கட்டங்கள், நான்காவதாக நிறமற்ற ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டமும் பேப்பர் அளவு. சூட்டுத் தலையில் அங்குலத்துக்கு 300 வீதம் நுண்ணிய சூடேற்றிகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றும் தேவையான அளவு சூடாகி, அந்தப் புள்ளியில் எவ்வளவு சாயம் ரிப்பனிலிருந்து பேப்பருக்குள் இறங்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும். பேப்பர் நான்கு முறை உள்ளே போய் வெளியே வரும். கடைசி முறை அந்த நிறமற்ற பூச்சு, படத்தின் மீது கண்ணாடித் தாள் ஒட்டியது போலப் படியும்.

முதல் படத்தை அம்மாவை உட்கார வைத்துத்தான் எடுத்தேன். முதல் தடவை பேப்பர் எட்டிப் பார்த்தபோது அதில் மஞ்சள் மட்டும். "என்னடா, பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?" என்றார். அடுத்த முறை சிவந்து வந்தது. மூன்றாவதில் சியான் ஏறியதும் திடீரென்று உயிர் வந்து, குழந்தை சிரித்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. சிபி1500க்கு ஒரு போஸ்ட்கார்டு படத்துக்கு சுமார் 41 நொடிகள் என்று கேனன் சொல்கிறது.

வெளியே வரும்போதே படம் காய்ந்திருக்கும். ஈரக் கை பட்டாலும் துடைத்துவிடலாம். ஆறு மாதம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தாலும் காய்ந்து போக உள்ளே ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை பிரிண்ட் எடுக்கும் வீட்டுக்கு இதுவே பெரிய காரணம்.

குறைகளும் உண்டு. படத்தில் பாதி வெறும் வானமாக இருந்தாலும் ரிப்பனின் நான்கு கட்டங்களும் செலவாகி விடும். ஒரே ஒரு படத்துக்காக ஓடிய கட்டத்தை மறுபடி பயன்படுத்த முடியாது. பேப்பரும் ரிப்பனும் சம எண்ணிக்கையில் ஒரே பாக்கெட்டில் வரும். நடுவில் கரண்ட் போய் ஒரு படம் கெட்டால் ரிப்பனில் ஒரு படம் குறைந்து, பேப்பர் ஒன்று மிஞ்சும். (கரண்ட் போனால் பாதியில் நிற்கும் பேப்பரைக் கையால் இழுக்காதீர்கள். கரண்ட் வந்ததும் பிரிண்டரே வெளியே தள்ளும்.) தூசு இதன் பெரிய எதிரி. ரிப்பனில் ஒரு துகள் ஒட்டினால் படத்தில் அது வெள்ளைப் புள்ளி. வேலை முடிந்ததும் பேப்பர் டிரேயைக் கழற்றி, மூடி வைத்து விடுங்கள். பேப்பர் முன்னும் பின்னும் போய் வருவதால் பிரிண்டரின் பின்னால் ஒரு சாண் இடம் விட வேண்டும். நான் முதலில் சுவரோடு ஒட்டி வைத்து, பேப்பர் முட்டி, ஒரு படத்தைக் கெடுத்தேன்.

பலர் கவனிக்காத ஒன்று: தீர்ந்து போன ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீங்கள் எடுத்த ஒவ்வொரு படமும் நெகட்டிவ் போல அதில் தெரியும். ஆதார் கார்டையோ வீட்டுப் பெண்களின் படங்களையோ எடுத்திருந்தால், அந்த ரிப்பனை வெட்டித் துண்டாக்கி விட்டுக் குப்பையில் போடுவது நல்லது.

டிபிஐ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கடையில் இங்க்ஜெட் பெட்டியில் 4800, 5760 டிபிஐ என்று போட்டிருக்கும். பக்கத்தில் டை-சப் பெட்டியில் வெறும் 300. "பத்து மடங்குக்கு மேல் குறைவா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

இங்க்ஜெட் ஒரு இடத்தில் துளி வைக்கும், அல்லது வைக்காது. துளியின் அளவை இரண்டு மூன்று விதமாக மாற்ற முடியும், அவ்வளவுதான். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் வெள்ளைப் பேப்பரில் மெஜந்தா துளிகளை இடைவெளி விட்டுத் தெளிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் கண் அதை இளஞ்சிவப்பு என்று நினைத்துக் கொள்ளும். ஒரே ஒரு நிறத்தைக் காட்டவே பல துளிகள் கூட வேண்டியிருப்பதால் எண்ணிக்கை அத்தனை அதிகம். டை-சப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகளில் எந்த அழுத்தத்திலும் இருக்கலாம். மூன்றையும் பெருக்கினால் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள், அதுவும் ஒரே புள்ளியில். எனவே இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடக் கூடாது. கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 போதுமானது.

இன்னொரு கணக்கும் இதிலேயே கிடைக்கிறது. 4×6 அங்குலத்தை 300ஆல் பெருக்கினால் 1200×1800. அதாவது சுமார் இருபது லட்சம் பிக்சல்கள், இரண்டு மெகா பிக்சல். இன்று சாதாரண போனில் கூட அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. பிரிண்டருக்காக நல்ல கேமரா வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

மிச்சமா, செலவா?

இனி முக்கியமான கேள்வி. வீட்டில் பிரிண்ட் எடுத்தால் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கணக்குக்காக பிரிண்டர் 10,000 ரூபாய், பேப்பரும் ரிப்பனும் சேர்ந்து ஒரு படத்துக்கு 25 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். (வாங்கும் நாளில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கொள்ளுங்கள்.) ஐந்து வருடத்தில் 500 படம் எடுத்தால் பிரிண்டர் விலையில் படத்துக்கு 20 ரூபாய். ஆக, ஒரு படம் 45 ரூபாய். ஐந்து வருடத்தில் 100தான் எடுத்தீர்கள் என்றால் ஒரு படம் 125 ரூபாய். எங்கள் தெரு ஸ்டூடியோவில் 4×6 ஒன்று 12 ரூபாய்.

எனவே சுற்றுலா போய் வந்து 200 படம் ஒரே நேரத்தில் போடுவது, கல்யாண ஆல்பம் போன்றவற்றுக்கு ஸ்டூடியோதான். வீட்டுப் பிரிண்டருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 30 ரூபாய் வேறு ஒன்றுக்காக: அந்தப் படம் போனிலேயே கிடக்காமல் வெளியே வருவதற்காக. நான் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்த படங்கள் ஒரு வருடம் அப்படியே கிடந்தன. பிரிண்டர் வந்த வாரத்தில் 36 படங்கள் அப்பத்தாவின் தலையணைக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். உங்கள் வீட்டில் அப்படிக் காத்திருப்பவர் யாரும் இல்லை என்றால், இந்தச் செலவு தேவையா என்று ஒரு முறை யோசியுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உண்மையிலேயே மிச்சம் உண்டு. பாஸ்போர்ட் சைஸ் படம். 35×45 மில்லிமீட்டர் படங்கள் ஒரு போஸ்ட்கார்டு தாளில் எட்டு அடங்கும். பள்ளி அட்மிஷன், வங்கி, ரேஷன் கார்டு என்று நம் வாழ்க்கையில் இதற்கு ஓய்வே இல்லை. செல்பியில் இதற்கென்றே தனி வசதி இருக்கிறது.

பிரிண்ட் கொடுக்கும் முன்

படம் சரியாக வரவில்லை என்று பிரிண்டரைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தைக் கொடுத்தவர்கள். அக்கா 4000×3000 பிக்சலில் எடுத்த படம் எனக்கு வந்து சேரும்போது 1600×1200 ஆகியிருந்தது. எண்ணிக்கைப்படி 4×6க்கு அது ஏறக்குறைய போதும்தான். ஆனால் பைல் அளவைக் குறைப்பதற்காக நுணுக்கங்களை அழித்திருப்பதால் தலைமுடியும் சேலை பார்டரும் மெழுகு போலத் தெரியும்.  அனுப்புபவரிடம் படத்தை டாகுமென்ட் ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். 2023ல் வந்த எச்டி என்ற வசதியும் சாதாரணமாக அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது, வெட்டுப்படும் தலை. போன் எடுக்கும் படம் 4:3 விகிதம். பேப்பர் ஏறக்குறைய 3:2. ஓரமில்லாமல் அச்சிட்டால் பத்தில் ஒரு பங்கு வெளியே போய்விடும். போனைப் படுக்க வைத்து எடுத்த குரூப் போட்டோவில் மேலே தலையும் கீழே காலும் போகும். நிற்க வைத்து எடுத்ததில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் போவார்கள். மாமாவும் அத்தையும் ஓரத்தில் நின்றால் பிறகு பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பிரிண்ட் எடுக்கப் போகிறோம் என்று தெரிந்தால் எடுக்கும்போதே சுற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள், அல்லது ஓரத்துடன் அச்சிடும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, இருட்டு. போன் திரை தானே ஒளி விடுகிறது. பேப்பர் மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். திரையில் சரியாகத் தெரிந்த படம் பேப்பரில் ஒரு சுற்று இருட்டாக வரும். நம் ஊர் மாநிறமும் கறுப்பும் கொண்ட முகங்களில் இது உடனே தெரியும், கண்ணும் மீசையும் ஒன்றாகி விடும். பிரைட்னஸைக் கொஞ்சம் கூட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது இரண்டு படத்தில் பிடிபட்டு விடும்.

எப்படி இணைப்பது?

சாப்ட்வேர்காரன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்கிறேன். ஆப் இல்லாமல் வேலை செய்யாத பிரிண்டரை முடிந்தவரை வாங்காதீர்கள். ஆப் என்பது கம்பெனி தொடர்ந்து கவனித்தால்தான் ஓடும். போனின் ஆபரேட்டிங் சிஸ்டம் மாற மாற அதையும் மாற்றி எழுத வேண்டும். விற்பனை குறைந்ததும் அந்த வேலையை முதலில் நிறுத்துவார்கள். எங்கள் தொழிலில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிரிண்டர் நன்றாக இருக்கும், பேச ஆள் இருக்காது. எஸ்டி கார்டு, யுஎஸ்பி இரண்டில் ஒன்றாவது இருந்தால் ஆப் போனாலும் பிரிண்டர் பிழைக்கும். சிபி1500ல் இரண்டும் இருக்கின்றன. வைஃபையும் உண்டு.

இதே காரணத்துக்காகப் பழைய பிரிண்டர்களை செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன் யோசியுங்கள். 2000களில் சோனி, கோடக், எச்பி, எப்சன் எல்லாரும் கைப்பிடி வைத்த சிறிய போட்டோ பிரிண்டர்களைக் கொண்டு வந்தார்கள். 2003ல் பிக்ட்பிரிட்ஜ் என்ற பொது முறை வந்து, கேமராவை நேராகப் பிரிண்டரில் செருகி அச்சிட முடிந்தது. கம்ப்யூட்டரே வேண்டாம் என்பது அப்போது பெரிய செய்தி. அவற்றில் பல இன்றும் ஓடும் நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் ரிப்பனுக்கும் பேப்பருக்கும் எங்கே போவது? எந்த பிரிண்டராக இருந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் அதற்கான பேப்பர் பாக்கெட் இரண்டு கடைகளிலாவது இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள்.

ஒரு குறையை மறைக்காமல் சொல்லி விடுகிறேன். இந்தச் சிறிய பிரிண்டர்கள் போஸ்ட்கார்டுக்கு மேல் பெரிதாக அச்சிடாது. போன வருடம் அப்பத்தா தவறியபோது மாலை போட ஒரு பெரிய படம் வேண்டியிருந்தது. வீட்டில் பிரிண்டர் இருந்தும், விடியற்காலையில் ஸ்டூடியோக்காரரை எழுப்பித்தான 8×12 எடுத்தோம். நல்ல வேளையாக ஒரிஜினல் பைல் என் லேப்டாப்பில் இருந்தது. பிரிண்ட் எடுத்தாகி விட்டதே என்று அதை அழித்திருந்தால் போஸ்ட்கார்டைத்தான் ஸ்கேன் செய்து பெரிதாக்கியிருக்க வேண்டும். பிரிண்ட் எடுத்த பிறகும் பைலை வைத்திருங்கள்.

எடுத்த படங்களை வைப்பதிலும் கொஞ்சம் கவனம் தேவை. சாயத்தில் ஆன எந்தப் படமும் வெயிலில் வெளுக்கும். ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரில் மாட்ட வேண்டாம். இங்க்ஜெட் படம் காற்றில் உள்ள ஓசோனாலும் நிறம் இழக்கும் என்பதால் கண்ணாடி போட்ட பிரேமுக்குள்ளோ ஆல்பத்திலோ வைக்க வேண்டும். டை-சப் படத்துக்கு மேல் பூச்சு இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆல்பத்தில் வைத்தால் நூறு ஆண்டு வரை நிற்கும் என்கிறது கேனன். அதைச் சோதித்துப் பார்க்க நாம் இருக்கப் போவதில்லை என்றாலும், பிவிசி வாசனை அடிக்கும் மலிவான பிளாஸ்டிக் உறை ஆல்பத்தைத் தவிர்த்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதுவீர்கள் அல்லவா? அந்தப் பேப்பர் வழுவழுப்பானது. ஜெல் பேனாவில் எழுதி உடனே அடுக்கினால் அடுத்த படத்தின் முகத்தில் மை ஒட்டும். அம்மா எழுதிய முதல் மூன்று படங்கள் அப்படித்தான் போயின. இப்போது சிடியில் எழுதும் மார்க்கரில் எழுதி, ஐந்து நிமிடம் விசிறிக்குக் கீழே பரப்பி வைத்துவிட்டு அடுக்குகிறார்.